கறுப்பு வெள்ளை ஃபிலிம் தேர்வு

கறுப்பு வெள்ளை ஃபிலிமைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் ஒளியுணர்திறன், அதாவது ஐஎஸ்ஓ எண். ஒளியை வாங்குபவை வெள்ளி ஹாலைடு படிகங்கள். பெரிய படிகங்களுக்குக் குறைந்த ஒளியே போதும். ஆனால் பிரிண்டில் துகள் தூக்கலாகத் தெரியும். ஐஎஸ்ஓ எண் இரட்டித்தால் தேவைப்படும் ஒளி பாதியாகும்.

எண் கூடுதலாக இருந்தால் எதற்கும் உதவும் என்று நினைப்பவர்களை உச்சி வெயில் திருத்திவிடும். அந்த வெயிலில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு எஃப்/16, 1/500 விநாடி சரியாக இருக்கும். முகத்தின் பின்னணியை மங்கலாக்க எஃப்/4 வரை திறந்தால் 1/8000 விநாடி வேண்டும். பழைய கேமராக்கள் பலவற்றில் 1/1000தான் உச்சம். ஐஎஸ்ஓ 50 கொண்ட இல்ஃபோர்டு பான் எஃப் பிளஸ் அந்த 1/1000க்குள் அடங்கிவிடும். நிலக்காட்சிக்கு எஃப்பி4 பிளஸ் (125), கோடாக் டி-மேக்ஸ் 100 போன்றவை நன்றாகப் பொருந்தும்.

வெயிலும் மேகமும் மாறிமாறி வரும் நாளிலும் தெருவிலும் 400தான் கைகொடுக்கும். கோடாக் ட்ரை-எக்ஸ் 35 மி.மீ. ரோலாக 1954இல் வந்தது முதல் செய்திப் படக்காரர்களின் ஃபிலிமாக இருந்தது. அதற்கு இணையானது இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ். இரண்டுமே ஒளி ஓரிரு ஸ்டாப் கூடினாலும் தாங்கும்.

ஒளி மிகக் குறைந்த அரங்குகளில் 400 ஃபிலிமையே 1600 என்று வைத்து எடுத்து, கூடுதல் நேரம் கழுவுவது வழக்கம். இதை 'புஷ்' என்பார்கள். இதனால் வெளிச்சப் பகுதிகள் அடர்த்தியாகும், முரண் கூடும். ஒளியே படாத நிழலில் விவரம் எதுவும் முளைக்காது. டெல்டா 3200இன் உண்மையான வேகமும் 1000 அளவுதான்; மீதியை டெவலப்பர் ஈடுகட்டுகிறது.

சிவப்பு ஃபில்டர் போட்டால் நீல வானம் கறுத்து மேகம் எடுப்பாகத் தெரியும். அதற்கு மூன்று ஸ்டாப் ஒளி பறிபோகும் என்பதால் வேகமான ஃபிலிம் நல்லது. ஆர்த்தோ ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, அதனால் உதடு கருமையாக விழும்.

நீண்ட எக்ஸ்போஷரில் பெரும்பாலான ஃபிலிம்கள் சோர்ந்துபோகும். மீட்டர் 10 விநாடி காட்டினால் எச்பி5 பிளஸுக்கு ஏறத்தாழ 20 விநாடி தர வேண்டும். ஃபுஜிஃபிலிம் அக்ராஸ் II (100) 120 விநாடி வரை இந்தத் திருத்தம் கேட்பதில்லை. அக்ராஸுக்கு 100 விநாடி தேவைப்படும் இரவுக் காட்சிக்கு எச்பி5 பிளஸுக்கு மீட்டர் 25 விநாடி காட்டும். திருத்தினால் அது 70ஐ நெருங்கும். 400இன் வேக லாபம் இப்படிப் பெரும்பாலும் கரைவதால், ட்ரைபாடு வைத்து இரவில் எடுப்பவருக்குத் துகள் குறைந்த அக்ராஸே முதல் தேர்வு.