இளஞ்சிறாரும் இல்லத்துக் கல்வியும்

நம் சங்கத்திற் கல்வியுதவி வேண்டி வரும் பெற்றோரிடம் அளவளாவுங்கால் யாம் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்றுண்டு. "எழுத்து வாசனை அறியாத நாங்கள் பிள்ளைக்கு வீட்டில் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?" என்பதே அது. சொல்பவர் பெரும்பாலும் தாய்மாரும் பாட்டிமாருமே. ஐந்து வயதுப் பிள்ளையைப் பள்ளி விட்டதும் டியூஷனுக்கு அனுப்பி, உண்ணவும் மாட்டாது உறங்கி விழும் நிலையில் இரவில் அழைத்து வருவதற்கும் அவர்கள் கூறும் காரணம் இதுவே. அவர்களுடைய பணிவு போற்றத்தக்கதாயினும், கூற்று நம் நாட்டின் பழைய வரலாற்றோடு பொருந்துவதன்று. எழுத்தறியாத வீட்டாரும் இளஞ்சிறாரின் கல்வியிற் பெரும்பங்கு கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அஃது எவ்வாறு இருந்தது, எவ்வாறு கைநழுவிற்று என்பதை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

சென்னை ராஜதானியின் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ, 1822ஆம் ஆண்டிலே, ஜில்லாதோறும் எத்துணைப் பள்ளிக்கூடங்கள் உள்ளன, எவ்வெவ் வகுப்பார் பயில்கின்றனர் என்று கலெக்டர்களை வினவினார். விடைகள் யாவும் வந்து சேரச் சில ஆண்டுகள் சென்றன. 1826 மார்ச்சு 10ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பில், ராஜதானி முழுதும் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர் என்று காண்கிறோம். அப்போதைய ஜனத்தொகை 1,28,50,941. ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளில் நால்வருள் ஒருவர்க்குச் சிறிது மிகுதியாகப் பள்ளியிற் பயின்றனர் என்று அவர் கணக்கிட்டார்.

நம் விஷயத்துக்கு வேண்டுவது அதற்கடுத்து அவர் எழுதியதே. வீட்டில் உறவினராலோ தனி ஆசிரியராலோ கற்பிக்கப்பெறும் பிள்ளைகளை வெளிஜில்லாக் கலெக்டர்கள் கணக்கெடுக்கவில்லை. சென்னைக் கலெக்டர் மட்டும் எடுத்தனுப்பினார். அவர் கண்ட தொகை 26,963. அந்நகரத்துப் பள்ளிகளிற் பயின்றோரைப்போல் இஃது ஐந்து மடங்குக்கும் மேற்பட்டது. இவ்வெண்ணில் ஏதோ பிழையிருக்கலாம் என்று மன்றோ ஐயுற்றார். ஆயினும் பிள்ளைகளுக்கு வீட்டிற் கற்பித்தல் நாட்டின் எப்பகுதியிலும் அரிதன்று என்று கூறி, கல்வி பெறும் ஆண்பிள்ளைகளின் பங்கு நாலில் ஒன்றைவிட மூன்றில் ஒன்றையே ஒட்டியது என முடிவு செய்தார். வேற்று நாட்டு அதிகாரி ஒருவர், பள்ளிப்பட்டியிற் பெயரில்லாத பிள்ளையையும் கல்வி கற்கும் பிள்ளையென எண்ணினார் என்பது கருதற்பாலது.

அத்தொகையின் உட்பிரிவும் நோக்கத்தக்கது. 26,446 பேர் ஆண்பிள்ளைகள். பிராமணர் 7,586, வைசியர் 6,132, சூத்திரர் என்று அக்காலத்துத் துரைத்தனத்தார் குறித்த வகுப்பினர் 7,589, ஏனைச் சாதியார் 3,449, முஸ்லிம்கள் 1,690. வீட்டுக்கல்வி ஒரு வகுப்பாரின் தனியுடைமையாயிருந்தது என்று எண்ணுவார்க்கு இவ்வெண்களே விடை. எஞ்சிய 517 பேர் பெண்குழந்தைகள். அவர்கள் யாரிடம் என்ன பயின்றனர் என்பதைக் கலெக்டர் எழுதவில்லை.

இனி அக்கல்வியின் இயல்பைக் காண்போம். திண்ணைப் பள்ளிக்கூடம் வேறு, வீடு வேறு என்று அந்நாளில் இருந்ததில்லை. 1823இல் பெல்லாரி ஜில்லாவைப் பற்றி எழுதிய கலெக்டர் காம்ப்பெல், பிள்ளைக்கு ஐந்து வயதானதும், ஆசிரியரையும் அப்பள்ளியின் மாணாக்கரையும் பிள்ளையின் வீட்டுக்கு அழைத்து, விநாயகரை வைத்து வழிபட்டு, அரிசியிலே பிள்ளையின் விரலைப் பிடித்துத் தெய்வத்தின் மறைபெயரை எழுதுவிப்பர் என்று கூறுகிறார். முதற்பாடம் வீட்டில் நடந்தது. பள்ளியே வீட்டுக்கு வந்து பிள்ளையை அழைத்துச் சென்றது. பின்னர் மணலில் விரலால் எழுதிக் கை திருந்திய பிறகே ஓலையும் எழுத்தாணியும் கொடுக்கப்பெற்றன.

நம் தமிழ் ஜில்லாக்களில் மாலையிற் பள்ளி விடும்போது உபாத்தியாயர் பிள்ளைகட்கு ஒரு பூவின் பெயரோ, பறவையின் பெயரோ, ஊரின் பெயரோ சொல்லியனுப்புவது வழக்கம். அதனைப் பிள்ளை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வீடு வந்து, பெரியோரிடம் கூறி, மறுநாட் காலையில் மறவாது ஒப்பிக்க வேண்டும். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் தம் இளமைக்காலத்துத் திண்ணைப் பள்ளியைப் பற்றி 'என் சரித்திர'த்தில் எழுதியிருப்பதைப் படித்தோர் இவ்வழக்கத்தை அறிவர். இதனை இக்காலத்து வீட்டுப்பாடத்தோடு ஒப்பிடுக. நோட்டுப்புத்தகம் இல்லை, எழுத்து வேலை இல்லை, கேட்கும் தாய்க்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டுவதும் இல்லை. "இன்று என்ன பூ?" என்று கேட்டாற் போதும். அப்பூ கொல்லையில் இருந்தால் அவள் காட்டுவாள். இல்லையேல் எங்கே பூக்கும், எப்போது பூக்கும் என்று சொல்லுவாள்.

கணக்கிலோ வீட்டின் பங்கு இன்னும் பெரிது. திண்ணையில் எண்சுவடி மனனம் செய்யும் பிள்ளை, முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று என்பது முதலாகக் கீழ்வாயிலக்கம் முழுதும் நெட்டுருப்பண்ண வேண்டும். அரை, கால், அரைக்கால், வீசம் என்பன வெறுஞ் சொல்லாகவே இருப்பின் எப்பிள்ளைக்கும் கசக்கும். ஆனால் அச்சொற்கள் அடுக்களையிற் பொருளாக இருந்தன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எனவே நாழியில் உரி அரை, உழக்கு கால், ஆழாக்கு அரைக்கால். எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். அரிசி அளந்து போடும் பாட்டியின் அருகில் அமர்ந்திருக்கும் பிள்ளை, உபாத்தியாயர் காலையிற் பிரம்போடு சொன்னதை மாலையிற் கண்ணாற் கண்டது. காசிலும் அவ்வாறே. ரூபாய்க்குப் பதினாறு அணா. கால் ரூபாய் நாலணா, அரைக்கால் ரூபாய் இரண்டணா, வீசம் ரூபாய் ஓரணா. கடைக்குச் சென்று மீதி வாங்கி வரும் பிள்ளைக்குப் பின்னம் என்பது புதிதாகக் கற்க வேண்டிய பாடமன்று.

இதனை எழுதுங்கால் யாமே சோதித்துப் பார்க்க விரும்பி, பரணிற் கிடந்த பித்தளை ஆழாக்கையும் நாழியையும் எடுத்து ஏழு வயதுப் பேரனிடம் கொடுத்தோம். புத்தகத்தில் எட்டில் ஒன்று என்பதைக் கண்டு முகஞ்சுளிப்பவன், அரிசியை எட்டு முறை கொட்டி நாழி நிரம்பியதும், உழக்காயின் நாலே முறைதான் என்று தானே சொன்னான். அரிசி கூடமெங்கும் சிந்தியதற்கு மருமகள் எம்மையே கடிந்துகொண்டாள் என்பதையும் மறையாது எழுதுகிறோம்.

பெண்குழந்தைகளின் விளையாட்டுக்களும் இவ்வகையினவே. பல்லாங்குழியிற் பதினான்கு குழி. குழிக்கு ஐந்து முத்து வைத்தாடுமிடத்து ஒருத்திக்கு முப்பத்தைந்து. ஓராட்டம் முடிந்து இருபத்தேழு முத்தே கையில் மிஞ்சியவள், ஐந்து குழி நிரப்பி இரண்டை வைத்துக்கொண்டு, இரண்டு குழி காலியென்று தலைகவிழ்வாள். வகுத்தலையும் மீதியையும் பள்ளி சொல்லிக்கொடாத பெண் அறிந்த வழி இது. கோலத்தில், நடுவரிசை ஏழு புள்ளி, இடைப்புள்ளியாக நாலில் நிறுத்துக என்றால் மொத்தம் முப்பத்தேழு புள்ளி; நேர்ப்புள்ளியாக ஒன்றில் நிறுத்துக என்றால் இருபத்தைந்து. எழுத்தறியாத கிழவியும் வாசலில் நின்று, "ஒரு புள்ளி தவறிற்று" என்று சொல்லுவாள்.

மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தலும் வீட்டிலும் திண்ணையிலும் ஒன்றுபோல நடந்தது. 1789 முதற் சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகளின் அநாதைசாலையை மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு, தம் பள்ளியிலும் அதனைத் தொடங்கினார். துணையாசிரியர்கள் அதனை விரும்பாமையால், எட்டு வயதுப் பையன் ஒருவனையே சிறுபிள்ளைகட்கு ஆசிரியனாக்கினார். 1797இல் லண்டனில் அவர் இதனை அச்சிட்டு வெளியிட, அஃது இங்கிலாந்தில் 'மதராஸ் முறை' எனப் பெயர் பெற்றுப் பரவிற்று. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் பொருளால் எழுந்த பள்ளி இன்றும் 'மதராஸ் காலேஜ்' என்றே வழங்குகிறது. அம்முறை நம் நாட்டிலிருந்தே சென்றது என்பதைக் காம்ப்பெல்லும் ஒப்புகிறார்.

இவ்விடத்து ஒன்றை மறைத்தல் தகாது. அக்கல்வி குறையற்றதென்று யாம் கூறவில்லை. பொருளறியாது நெட்டுருப்பண்ணுதலைக் காம்ப்பெல் கடிந்தார், அது நியாயமே. தாமதித்து வந்த பிள்ளைக்கு, முன்வந்தோர் தொகைக்கேற்ப அடி ஏறும். அதனினும் பெரியதொரு குறை, தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் பல திண்ணைகளில் ஏறவும் கூடாதிருந்தமை. நம் முன்னோர் வீட்டுத் திண்ணைகள் இதற்கு விலக்கென்று சொல்ல எம்மிடம் சான்றில்லை. பழமையைப் புகழுமிடத்து இதனை விட்டுவிட்டுப் புகழ்தல் நேர்மையன்று. பின்னாளிற் சர்க்கார் பள்ளியும் மிஷன் பள்ளியும் அக்கதவைத் திறந்தமையை நன்றியுடன் எழுதவேண்டும்.

ஆயினும் அப்பள்ளிகள் பெருகியபோது வீடு கணக்கிலிருந்து நீங்கிற்று. 1854இல் இங்கிலாந்திலிருந்து வந்த கல்விக் கட்டளையின்படி 1855இற் சென்னையிற் கல்வி இலாகா அமைந்தது. பின்னர்ப் பரீட்சையில் தேறிய பிள்ளைகளின் தொகையைப் பொறுத்துப் பள்ளிகட்கு உதவித்தொகை கொடுக்கும் முறையும் வந்தது. பட்டியிற் பெயருள்ள பிள்ளையே பிள்ளை, பரீட்சையிற் கேட்கப்படுவதே படிப்பு என்றாயின. மணலும் ஓலையும் போய்ச் சிலேட்டும் அச்சுப்புத்தகமும் வந்தன. அவை வந்தது நன்றே. ஆனால் புத்தகத்தைப் பார்த்துக் கேட்க எழுத்தறிந்தார் வேண்டும். வாய்ப்பாடத்தைக் கேட்கச் செவி மட்டுமே போதும்.

அப்போதும் கணக்கு மட்டும் பாட்டியின் கையை விட்டுப் போகவில்லை. அதனை மாற்றியது பிறிதொன்று. 1957 ஏப்ரல் 1ஆம் நாள் ரூபாய்க்கு நூறு நயாபைசா என்றாயிற்று. ஓரணா ஆறேகாற் பைசா. அரைக்கால் ரூபாய் பன்னிரண்டரைப் பைசா. ஒன்றும் நேராக நிற்கவில்லை. அடுத்து, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, கிலோவும் லிட்டரும் படிப்படியாகக் கடைக்கு வந்தன. வாணிபத்துக்கும் சாஸ்திரத்துக்கும் இம்மாற்றம் பெருநன்மையே. அதனை யாம் குறைகூறவில்லை. ஆனால் அதன் விளைவொன்றை யாரும் கருதினாரில்லை. பள்ளிப்பிள்ளை தசமபின்னம் எழுத, பாட்டி வீசமும் ஆழாக்கும் பேச, ஒருவர் கணக்கு ஒருவர்க்கு விளங்காதொழிந்தது. அதுகாறும் வீட்டிற் கணக்கு வாத்தியாராயிருந்தவள் சில ஆண்டுகளுக்குள் ஒன்றும் தெரியாதவள் ஆனாள். யாம் மேலே கூறிய தாய்மாரின் சொல் அங்கிருந்து பிறந்ததென்றே கருதுகிறோம்.

அண்மைக்காலத்து நிகழ்ச்சிகளையும் சுருக்கிக் கூறுவோம். 2018இல் சென்னை உயர்நீதிமன்றம் மத்திய வாரியப் பள்ளிகளின் முதலிரு வகுப்புப் பிள்ளைகட்கு வீட்டுப்பாடம் கொடுத்தல் கூடாதென்றது. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் அடைக்கப்பட்ட தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் நாளே மீண்டும் திறந்தன. ஏறக்குறையப் பத்தொன்பது மாதம் வீடே பள்ளியாயிருந்த அக்காலத்தில், கைப்பேசி இல்லாத வீடுகளிற் பிள்ளைகள் கற்றதை மறந்தனர் என்பதை நம் அங்கத்தினர் பலரும் கண்கூடாகக் கண்டனர். 2021 அக்டோபரிற் சர்க்கார் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் ஊர்த்தன்னார்வலர் மாலைதோறும் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். 2022இல் முதல் மூன்று வகுப்புகட்கு வந்த 'எண்ணும் எழுத்தும்' கதை, பாட்டு, விளையாட்டு, கைப்பொருள் இவற்றாற் கற்பிக்கச் சொல்லுகிறது. அதன் பாடத்திற் புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் எண்ணும் பிள்ளையைப் பார்க்கும் பாட்டிக்கு வியப்பொன்றும் இராது.

நம் சங்கத்தின் கல்விநிதி உயர்வகுப்பு மாணாக்கர்க்கே செலவாகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு நிதி வேண்டுவதில்லை. மாலையில் அரைமணி நேரம் அருகிலிருந்து, இன்று என்ன கேட்டாய் என்று வினவுவாரே வேண்டும். ஆழாக்குப் பழையதென்று நாணினால் இரண்டு நூறு மில்லி டம்ளரையும் ஒரு லிட்டர்ப் பாத்திரத்தையும் வைத்துத் தண்ணீர் அளக்கச் சொல்லலாம். பத்து டம்ளர் ஒரு லிட்டர் என்பதைப் பிள்ளை தானே காணும்.

கடைசியாக அங்கத்தினர்க்கு ஒரு வேண்டுகோள். பழைய வீடுகளின் பரணிலும் நெற்குதிரின் பின்னும் எண்சுவடி ஏடுகளும், மரத்திலும் பித்தளையிலும் ஆன முகத்தலளவைகளும் பல்லாங்குழிப் பலகைகளும் கிடக்கலாம். முன்னாளில் ஏடுகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டவரும் உண்டு. பித்தளையை எடைக்குப் போடுவாரோ இன்றும் உண்டு. அத்தகைய பொருள் வைத்திருப்போர் அவற்றை அடுத்த ஆண்டுக்கூட்டத்துக்குக் கொண்டுவந்து, பெண்டிர் பகுதியிற் பிள்ளைகள் எடுத்துக் கையாளும்படி ஒருநாள் வைக்க இசைவரேல், செயலாளர்க்கு முன்னரே ஒரு கார்டு எழுதுக. எண்சுவடியைப் பார்வையின்றிச் சொல்லவல்ல முதியோர் எவரேனும் நம் ஊர்களில் இருப்பின், அவர்களை அழைத்துவர வண்டிச்செலவு சங்கத்தைச் சார்ந்தது.