நிலம் நிரவும் தகடு (பாறசாலை – நெய்யாற்றின்கரை எல்லையூர்கள்)

நிலம் நிரவும் தகடு என்பது டிராக்டரில் பூட்டி மண்ணையோ பனியையோ ஒதுக்கவும் மட்டமாக்கவும் பயன்படும் வளைந்த எஃகுப் பலகை. முன்புறம் பூட்டுவதைத் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ‘டோசர்’ என்பார்கள்; பின்புறம் பூட்டுவது ‘லெவலிங் பிளேடு’. குளிர்நாடுகளில் வாசலிலும் வழியிலும் கிடக்கும் பனியைத் தள்ள, இருபது முப்பது குதிரைத்திறன் கொண்ட சிறு டிராக்டர்களின் முன்னால் இது பூட்டப்படுகிறது. பனி என்றால் மார்கழிப் பனி மட்டுமே தெரிந்த கேரளத்தின் தென்கோடியில் இக்கருவிக்கு வேறொரு வரலாறு உண்டு. அங்கே சேற்று வயலை மட்டமாக்கும் வேலை மரப்பலகையிடமே இருந்தது. தகடு அந்த வயல்களையே மூடும் வேலைக்குப் போனது.

நிலமும் எல்லையும்

நெய்யாற்றின்கரை திருவனந்தபுரம் மாவட்டத்தின் தெற்குப் பகுதி வட்டம். களியக்காவிளையில் தமிழ்நாடு முடிகிறது. அங்கிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே போனால் இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று ஊர்கள் வரிசையாக வரும். கிழக்கே காரக்கோணம், வெள்ளறடை. மேற்கே கடலோரம் பொழியூர். எல்லா இடத்திலும் நிலத்தின் அமைப்பு ஒன்றுதான். வெட்டுக்கல் பாறையும் செம்மண்ணுமான சிறு குன்றுகள், அவற்றின் சரிவில் ரப்பரும் தென்னையும் வாழையும் மரச்சீனியும் (மரவள்ளி), இரு குன்றுகளுக்கு நடுவே ஈரம் வற்றாத ஒடுங்கிய பள்ளத்தில் நெல்வயல். இந்த வயல்வெளிக்கு எல்லையின் இருபுறமும் ‘ஏலா’ என்றே பெயர். மேட்டு நிலத் தோட்டம் ‘விளை’. சரிவு மண் மழையில் இறங்கிவிடாமல் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டும் சுவர் ‘கய்யாலை’.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரையையும் சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஒரே மழை, ஒரே மண், ஒரே உழவு முறை கொண்ட ஊர்கள் அன்றுமுதல் இரண்டு அரசுகளின் கீழ் வந்தன. தகட்டின் பிற்கால வரலாற்றில் இந்த எல்லைக்கோட்டுக்கு மிகுந்த பங்கு உண்டு.

மரமடிப்பு

நெல்வயல் மட்டமாக இருப்பது அழகுக்காக அன்று. நாற்று நட்ட வயலில் இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் எங்கும் ஒரேபோல நிற்க வேண்டும். கையகல மேடு இருந்தாலும் அங்கே நீர் வடிந்து களை முளைக்கும். பள்ளத்தில் இளநாற்று மூழ்கி அழுகும். ஆகவே தொழி உழவு (சேற்றுழவு) முடிந்ததும் கனத்த நீள்பலகை ஒன்றை நுகத்தில் பூட்டிக் காளைகளைக் கொண்டு வயல் முழுக்க இழுப்பார்கள். தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளில் பரம்படித்தல் எனப்படும் இந்த வேலை, நாஞ்சில் நாட்டிலும் அதன் மேற்கேயும் மரமடிப்பு.

இந்த வேலையின் நுட்பம் பலகையில் இல்லை. அதன்மேல் நின்ற ஆளிடமும் வயலில் கட்டிய தண்ணீரிடமும் இருந்தது. வயலில் நீர் நிறுத்திவிட்டால் மேடு எது என்று யாரும் அளந்து சொல்ல வேண்டியதில்லை, நீருக்கு மேலே தானே தலைகாட்டும். மேட்டை நெருங்கும்போது ஆள் பலகையில் ஏறி அழுத்தி நிற்பார். பலகை சேற்றை அள்ளிக்கொள்ளும். பள்ளத்துக்கு வந்ததும் பாரத்தைத் தளர்த்துவார், அல்லது இறங்கிவிடுவார். அள்ளி வந்த சேறு அங்கே படியும். காளையின் நடை, கயிற்றின் இழுப்பு, உள்ளங்காலுக்குத் தெரியும் சேற்றின் கனம் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனித்துச் செய்யும் வேலை. நல்ல மரமடிகாரருக்கு ஊரில் தனி மதிப்பு இருந்ததில் வியப்பில்லை. இந்த அறிவு முறையாக எழுதி வைக்கப்படாமல் போனால் அது வேளாண் வரலாற்றுக்குப் பேரிழப்பு.

சேற்றைப் பதப்படுத்தும் கருவிகளின் தொன்மைக்குச் சான்று உண்டு. புறநானூற்றின் 61ஆம் பாட்டில் வரும் ‘தளம்பு’ என்பதற்குச் சேறு குத்தும் கருவி என்று உரை சொல்கிறார்கள். சேற்றைக் கருவிகொண்டு பதப்படுத்துவது சங்க காலத்திலேயே வழக்கில் இருந்திருக்கிறது. கேரளத்தில் கொல்லம், பத்தனம்திட்டா பகுதிகளில் அறுவடை முடிந்த வயலில் காளைகளை ஓட்டும் ‘மரமடி’ப் பந்தயம் இந்த வேலையிலிருந்து பிறந்ததே. ஜல்லிக்கட்டு வழக்கில் 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் அது நின்றது.

எந்திரத் தகடு

முன்புறத் தகட்டின் வரலாற்றில் இரண்டு இடங்கள் குறிப்பிடத்தக்கவை. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் மாரோவில் என்ற சிற்றூரில், எண்ணெய்க் குழாய் பதித்த பள்ளங்களை மூடுவதற்காக ஜேம்ஸ் கம்மிங்ஸ் என்ற விவசாயியும் ஏர்ல் மெக்லியாட் என்ற வரைபடக்காரரும் 1923இல் ஒரு டிராக்டரின் முன்னால் தகடு பொருத்தினார்கள். 1925இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றைய புல்டோசருக்கு அதுவே முன்னோடி. அதே 1923இல் நார்வேயில் ஓவராசன் சகோதரர்கள் மோட்டார் வண்டியின் முன்னால் பூட்டும் பனித்தகட்டைச் செய்தார்கள். ஒன்று மண்ணுக்கு, மற்றது பனிக்கு. தோற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். தாங்க வேண்டிய பாரம் வேறு.

அந்த வேறுபாட்டைக் கணக்காகப் பார்த்தால்தான், பனிநாட்டுச் சிறு டிராக்டர் செய்யும் வேலையை நம் ஊர்ச் சிறு டிராக்டரிடம் எதிர்பார்க்க முடியாதது ஏன் என்று விளங்கும். ஒன்றரை மீட்டர் அகலத் தகட்டின் முன்னால் அரை மீட்டர் உயரத்துக்குக் குவியல் சேர்ந்தால் அது சுமார் 0.3 கன மீட்டர். புதிதாக விழுந்த பனி கன மீட்டருக்கு 100 கிலோ அளவில்தான் இருக்கும். ஆகவே குவியல் 30 கிலோ. அதே குவியல் உதிர்ந்த செம்மண்ணாக இருந்தால் 400 கிலோ, மழையில் நனைந்திருந்தால் இன்னும் மேலே. சிறு டிராக்டரின் முன் அச்சு இதைத் தாங்கும்படி செய்யப்பட்டதன்று. தகட்டின் சட்டத்தை அச்சில் தொங்கவிடாமல் வண்டியின் அடிவயிற்றோடு பிணைப்பதும், பின்னால் எடைக்கட்டி ஏற்றுவதும் இதனால்தான். பின்சக்கரம் இலேசானால் அது சுழலுமே தவிரத் தள்ளாது.

பனித்தகட்டில் இன்னும் இரண்டு ஏற்பாடுகள் கவனிக்கத்தக்கவை. தகட்டைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் பனி முன்னால் குவியாமல் ஓரமாக உருண்டு ஒதுங்கும். பனிக்கு அடியில் மறைந்த கல்லில் மோதினால் தகடு பின்னே மடங்கி, பிறகு விசைச்சுருளால் நிமிர்ந்துகொள்ளும். இந்த இரண்டாவது ஏற்பாடு பல மண் தகடுகளில் இருப்பதில்லை. வெட்டுக்கல் பாறை எங்கே மேலெழுந்து நிற்கும் என்று தெரியாத பாறசாலைச் சரிவில் அது இல்லாமல் ஓட்டுவது வண்டிக்கும் ஓட்டுநருக்கும் ஆபத்து. இங்கே இதைப் பொருத்துவது இன்னும் வழக்கமாகவில்லை என்பது வருந்தத்தக்கது.

இந்தியாவில் தகடு பூட்டிய கனரக டிராக்டர்கள் பெருமளவில் உழவுக்கு வந்தது 1947இல் அமைந்த மத்திய டிராக்டர் நிறுவனம் வழியாக. உலகப்போர் முடிந்து அமெரிக்கப் படை விட்டுச்சென்ற எந்திரங்களை வைத்து நடு இந்தியாவின் நாணல்புல் காடுகளை அது திருத்தியது. ஃபரீதாபாத்தில் ஐஷர் டிராக்டர் 1959இல் உருவானது. சென்னையில் டாஃபே 1960இல் தொடங்கியது. ஆனால் இந்த டிராக்டர்கள் எவையும் ஏலாவுக்குள் இறங்கவில்லை. பத்து சென்ட், இருபது சென்ட் துண்டுகளும் ஒருவர் நடக்கும் வரப்பும் உள்ள இடம் அது.

ஏலாவுக்குள் முதலில் போன எந்திரம் பவர் டில்லர். ஆலுவாவுக்கு அருகே அத்தாணியில் 1973இல் தொடங்கிய கேரள அரசின் காம்கோ நிறுவனம், ஜப்பானின் குபோட்டா தொழில்நுட்பத்தில் அதைச் செய்து விற்றது. காளைகள் போயின, பலகை போகவில்லை. இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய டில்லரின் பின்னால் அதே மரத்தைக் கட்டி இழுத்தார்கள். சேற்றில் தள்ளுவதைவிட இழுப்பதே பொருத்தம்: முன்னால் தகடு இருந்தால் சேறு குவிந்து சக்கரம் அதிலேயே புதையும், பின்னால் இழுக்கும் பலகையோ சக்கரத் தடத்தையும் சேர்த்து அழித்துவிட்டுப் போகும். நூற்றாண்டுகளாக உழவர் செய்துவந்ததை எந்திரமும் அப்படியே ஏற்றுக்கொண்டது.

குன்றிலிருந்து பள்ளத்துக்கு

முன்புறத் தகடு எல்லையூர்களுக்கு வந்தது உழவின் வழியாக அன்று, வீட்டுமனையின் வழியாக. 1970களின் பிற்பகுதி முதல் வளைகுடாப் பணம் வந்து சேர்ந்தது. ரப்பர் விலையும் கைகொடுத்தது. சரிவில் வீடு கட்ட வேண்டுமானால் குன்றைச் செதுக்கித் தளம் எடுக்க வேண்டும். அந்த மண் எங்கே போகும்? அருகிலேயே பள்ளத்தில் வயல் கிடக்கிறது. மேட்டில் ஒரு மனை, பள்ளத்தில் இன்னொரு மனை என்று ஒரே வேலையில் இரண்டும் முடிந்தன. இந்தியாவில் 1979இல் உற்பத்தி தொடங்கிய ஜேசிபி எந்திரம் இதை இன்னும் எளிதாக்கியது. அது வெட்டி லாரியில் ஏற்றும். தகடு பூட்டிய டிராக்டர் வயலில் கொட்டிய மண்ணைப் பரப்பி மட்டமாக்கும்.

கேரளத்தின் நெற்பரப்பு 1970களின் நடுவில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேர். 2010களில் அது 2 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. இந்தச் சரிவு முழுவதற்கும் தகட்டைக் குற்றம் சொல்ல முடியாது. கூலி உயர்வு, நெல்லுக்குக் கட்டாத விலை, வயலை வாழைக்கும் மரச்சீனிக்கும் மாற்றியது எல்லாம் சேர்ந்தே நடந்தது. எல்லையின் தமிழ்நாட்டுப் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வட்டத்துக்கும் நீர் கொடுத்துவந்தது. 2004 முதல் கேரளம் அதை நிறுத்திவிட்டது. தண்ணீர் வராத வயலை மட்டமாக வைத்திருக்க எவருக்கும் மனம் வராது. ஆனாலும், மண் போட்டு மூடிய வயலுக்கும் பயிர் மாறிய வயலுக்கும் இடையே ஒரு வேறுபாடு இருக்கிறது. வாழை வைத்த வயலில் மறுபடி நெல் நடலாம். குன்று மண் ஏறிய வயல் திரும்பாது. அது தேக்கிவைத்த மழைநீரும் பக்கத்துக் கிணறுகளின் ஊற்றும் அதோடு போகும்.

சட்டம் தாமதமாக வந்தது. 1967ஆம் ஆண்டின் கேரள நிலப்பயன்பாட்டு ஆணை வயலை வேறு பயனுக்கு மாற்ற ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றது. நடைமுறையில் அது பலவீனமாகவே இருந்தது. 2008இல் வந்த நெல்வயல், நீர்த்தடப் பாதுகாப்புச் சட்டம் பல்லுள்ள சட்டம்: ஒவ்வொரு ஊராட்சியிலும் வயல்களின் தரவுத் தொகுப்பு, உள்ளூர்க் கண்காணிப்புக் குழு, மீறினால் சிறை, நிரவப் பயன்பட்ட வண்டியைப் பறிமுதல் செய்யும் அதிகாரம். 2018இன் திருத்தம், தொகுப்பில் சேராத நிலத்தைக் கட்டணம் கட்டி மாற்றுவதற்கு வழிவிட்டு அந்தப் பல்லைக் கொஞ்சம் மழுக்கியது. கோட்டுக்குத் தெற்கே நெல்வயலுக்கென்று இப்படியொரு தனிச்சட்டம் கிடையாது. தமிழ்நாட்டின் 2020ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரிப் படுகைக்கு மட்டுமே. ஒரே ஓடையின் இரு கரையில் இருக்கும் இரண்டு வயல்களுக்கு இரண்டு நீதி என்பது இயற்கைக்குப் பொருந்தாத ஏற்பாடு.

இன்றைய பயன்

மேட்டு விளைகளில் சிறு டிராக்டரின் தகட்டுக்கு நேர்மையான வேலைகள் நிறைய உண்டு: வாழைத் தோட்டத்து வழியைச் சீராக்குவது, எருக்குவியலைப் பரப்புவது, ரப்பர் வரிசைகளுக்கு இடையே தளம் எடுப்பது. செய்முறையில் முதன்மையானது மேல்மண்ணைக் காப்பது. மேலே உள்ள கறுத்த மண்ணை முதலில் ஓரமாக ஒதுக்கிவைத்து, அடிமண்ணை மட்டமாக்கியபின் அதை மறுபடி பரப்ப வேண்டும். அவசரக்காரர்கள் இதைச் செய்யாமல் விட்ட தளங்களில் பல ஆண்டுகளுக்குச் செடி தேறாது. சரிவுக்குக் குறுக்கே, சம உயரத்தில் ஓட்ட வேண்டும். தளம் உட்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையிலும் துலாம் (வடகிழக்குப் பருவ) மழையிலும் நீர் கய்யாலையை உடைக்காது. லேசர் கதிரைக் கொண்டு தகட்டைத் தானே ஏற்றி இறக்கும் கருவி சமவெளிகளில் பரவிவிட்டது. ஏலாவின் சிறு துண்டுகளில் அது திரும்பக்கூட இடம் இல்லை.

பனித்தகட்டின் வேலை தமிழருக்கும் மலையாளிகளுக்கும் முற்றிலும் அயலானதன்று. 1948இல் காஷ்மீர் – லடாக் வழியிலுள்ள சோஜி கணவாயைப் பிடிக்க இந்தியப் படை டாங்கிகளை மேலேற்றியபோது, பல்தலிலிருந்து பாதை வெட்டிக் கொடுத்தவர்கள் மெட்ராஸ் சேப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையினர். 1960இல் அமைந்த எல்லைச் சாலைகள் அமைப்பில் தென்னாட்டார் பலர் பணிசெய்கிறார்கள். ஒருகாலத்தில் ஏறக்குறைய ஆறு மாதம் மூடிக்கிடந்த அந்தக் கணவாய், தகடுகளும் பனி வீசும் எந்திரங்களும் ஓயாமல் உழைத்ததால் 2025இல் 32 நாளிலேயே திறந்துவிட்டது.

பாறசாலையில் இதற்கு ஈடான நெருக்கடி மழைக்காலத்து மண்சரிவு. 2021 நவம்பர் பெருமழையில் பாறசாலைக்குத் தெற்கே இருப்புப்பாதையில் மண் சரிந்து, திருவனந்தபுரம் – நாகர்கோவில் ரயில்கள் நின்றன. அப்படிச் சரிந்த மண் முதலில் கனரக எந்திரத்துக்கு உரியது. ஈரமண் குவியலைச் சிறு டிராக்டரால் அசைக்க முடியாது. பெரிய எந்திரம் அள்ளிக்கொண்டு போனபின் ஊர்ச்சாலையில் படிந்திருக்கும் விரல்கடைச் சேற்றை வழித்து ஓடைப்பக்கம் விடாமல் மேட்டுப்பக்கம் ஒதுக்குவதுதான் சிறு தகட்டின் வேலை. ஓடை அடைபட்டால் அடுத்த மழைக்கு அதே இடம் மறுபடி சரியும்.