அயல்தேச மாணவரும் நமது கல்வி மரபும்

மதுரை–திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்த கொட்டாம்பட்டி போன்ற சிற்றூர்களிலும் இன்று பிள்ளைகளை உயர்கல்விக்காகக் கடல் கடந்து அனுப்பும் விருப்பம் வளர்ந்துள்ளது. சென்ற நாட்டில் அவர்கள் மதிப்புடன் நடத்தப்பட வேண்டுமென விழைகிறோம். நம் நாடு தேடி வரும் மாணவரை நாம் எவ்வாறு நோக்குகிறோம் என்பதும் எண்ணத்தக்கது.

1184இல் டமாஸ்கஸைக் கண்ட அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், மக்ரிப் இளைஞர்களை அங்கு சென்று கற்குமாறு தூண்டினார். வக்ஃபு வருவாயால் அயலூர் மாணவருக்குப் பிழைப்புக் கவலை அங்கு நீங்கியிருந்ததே காரணம். கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் மக்ரிபியர், சிரியர், துருக்கியர், ஜாவியர் எனத் தனித்தனி ‘ரிவாக்’ எனும் உறைவிடங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷைகு பொறுப்பேற்றார். மாணவருக்கு ரொட்டி பங்கிடப்பட்டது. விருந்தோம்பல் தனிமனிதரின் இரக்கத்தை மட்டும் நம்பியிராமல் நிறுவனத்தின் கடமையாக விளங்கியது.

தமிழகமும் இம்மரபுக்கு அயலன்று. மௌலானா அப்துல் வஹ்ஹாப் ஹழ்ரத் (மறைவு 1919) வேலூரில் நிறுவிய பாகியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரிக்கு இலங்கையிலிருந்தும் மலாயாவிலிருந்தும் மாணவர் வந்தனர். கற்றுத் திரும்பியோர் வழியாக வேலூரின் பெயர் கடல் கடந்தது.

எனினும் உணவும் உறைவிடமும் மட்டுமே ஒருவரை ஊரோடு இணைத்துவிடா. நாடுவாரியாக அமைந்த ரிவாக், புதியவருக்குத் தாய்மொழியின் ஆறுதலைத் தந்தது. பிறரோடு கலக்கும் தேவையையும் அதுவே குறைக்கக் கூடியது. இன்றைய அயல்நாட்டு மாணவர் விடுதிகளுக்கும் இது பொருந்தும்.

அயலார் முகமறியாதவராகவே இருக்கும்போது ஐயமும் பகையும் எளிதில் மூளுகின்றன. 2009இல் மெல்போர்னில் இந்திய மாணவர்கள் தாக்கப்பட்டபோது நாடே கொதித்தது. 2024 மார்ச்சில் அகமதாபாதில், குஜராத் பல்கலைக்கழக விடுதியில் ரமழான் இரவுத் தொழுகையில் இருந்த அயல்நாட்டு மாணவர் தாக்கப்பட்டனர். முதலாவதில் நம் பிள்ளைகள் விருந்தினர். இரண்டாவதில் நாம் விருந்து புரவேண்டியவர். நீதியின் அளவுகோல் இரண்டுக்கும் ஒன்றே.

ரொட்டிக்கு வக்ஃபு ஏற்படுத்திய முன்னோர், அன்பை மட்டும் நம்பியிராமல் அதற்கு அமைப்பும் தந்தனர். அவ்வாறே, உள்ளூர் மாணவரும் அயலவரும் ஒரே விடுதியில் தங்குவதையும், வந்தவர் ஊர்மொழி பயில்வதையும், பெருநாளில் அவரை நம் இல்லங்கள் அழைப்பதையும் கல்லூரிகளும் ஜமாஅத்துகளும் திட்டமிட்டுச் செய்தல் வேண்டும். இதுவே அம்மரபின் எஞ்சிய பணியென நாம் கருதுகிறோம்.