ஓலையிலிருந்து ஒளித்திரை வரை: தமிழ் மின்னூல்களும் நம் கண்களும்



போன மாதம் கல்லூரியில் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அதற்கு வேண்டிய பழைய நூல் இராஜாக்கமங்கலத்தில் தேடியும் கிடைக்கவில்லை, நாகர்கோவிலில் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் இணையத்தில் மதுரைத் திட்டத்தின் பக்கத்தில் முழு நூலும் இலவசமாகவே இருந்தது. இரவு பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியில் மூன்று நாள் தொடர்ந்து படித்தேன். நான்காம் நாள் கண் எரிச்சல், தலைவலி. எங்கள் பாட்டா சும்மா இருப்பாரா? "ஏ மக்கா, இருட்டுல இருந்து அதயே பாத்துட்டு இருந்தா கண்ணு போயிரும்லா!" என்றார்.

கண் போய்விடுமா என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட இது கைப்பேசியோடு வந்த பிரச்சினை இல்லை என்று தெரிந்தது. படிப்பதும் கண் வலிப்பதும் பல நூறு வருடங்களாகச் சேர்ந்தே வருகின்றன. அந்த வரலாறுதான் இந்தக் கட்டுரை.

ஓலைக் காலம்

எங்கள் மாவட்டத்தில் பனைக்குப் பஞ்சமில்லை. அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகள் என்று நாஞ்சில் நாட்டு வரலாற்றுக்கே ஆதாரமான ஒரு சுவடித் தொகுதி உண்டு. அந்த மாதிரி ஓலைகளில் மை தொட்டு எழுதுவதில்லை, எழுத்தாணியால் கீறுவார்கள். கீறிய எழுத்து ஓலையின் நிறத்திலேயே இருக்கும், கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. அதனால் விளக்குக் கரி, பச்சிலைச் சாறு போன்றவற்றைத் தடவித் துடைப்பார்கள். கீறலில் மட்டும் கறுப்பு தங்கும், எழுத்து பளிச்சென்று தெரியும். இன்று திரையில் 'கான்ட்ராஸ்ட்' கூட்டுகிறோமே, அதே வேலைதான்!

அப்படியும் ஓலை படிப்பது எளிதில்லை. சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இருக்காது. எகரமா ஏகாரமா என்று வாசிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். குறில் நெடில் கொம்புகளைப் பிரித்துக் காட்டும் வழக்கமே வீரமாமுனிவர் (1680-1747) காலத்தில்தான் வந்தது என்பார்கள்.

அச்சு வந்தபோது

தமிழில் அச்சான பழைய நூல்களில் நமக்குக் கிடைத்திருப்பது 'தம்பிரான் வணக்கம்'. 1578இல் கொல்லத்தில் அச்சானது, 16 பக்கம். கொல்லம் எங்கள் ஊரிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை.

அடுத்து தரங்கம்பாடி. சீகன்பால்குவுக்கு ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றை வைத்து அடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1862இல் சென்னையில் வின்சுலோ அகராதி வந்தபோது, பி. ஆர். ஹண்ட் உருவாக்கிய இன்னும் சிறிய எழுத்துகள் அத்தனை பெரிய அகராதியை ஒரே புத்தகத்துக்குள் அடக்க உதவின.

இதிலிருந்து எனக்குத் தோன்றியது ஒன்று. எழுத்தின் அளவை முடிவு செய்தது காகித விலைதான், வாசகரின் கண் அல்ல. காகிதத்தில் மிச்சம் பிடித்ததற்கான கூலியைக் கண் கொடுத்தது.

1998: தமிழ் திரைக்கு வந்தது

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் சம்பளம் வாங்காமல் தட்டச்சு செய்தார்கள், பிழை திருத்தினார்கள்.

அவர்கள் பார்த்த திரைகளை நினைத்துப் பாருங்கள். குண்டு பல்பு போலப் பின்னால் நீண்ட படக்குழாய்த் திரைகள். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும்படி வைத்திருந்தால் பலருக்கு மினுக்கல் தெரியும், 75க்கு மேல் வைத்தால் கொஞ்சம் நிம்மதி. புள்ளிகளும் குறைவு என்பதால் 'ழ', 'ஞ', 'ணை' போன்ற சுழி நிறைந்த எழுத்துகள் சிறிய அளவில் குழம்பிவிடும். அதில் உட்கார்ந்து பிழை திருத்தியிருக்கிறார்கள்!

2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழு இன்னொரு நல்ல காரியம் செய்தது. ஒரே நூலை ஏ4 பிடிஎஃப் ஆகவும், ஈபப் ஆகவும், 6 அங்குலப் பிடிஎஃப் ஆகவும் கொடுத்தார்கள். சிறிய படிப்பான்களில் தமிழ் எழுத்துரு சரியாகத் தெரியாத காலத்தில் அந்த 6 அங்குலப் பிடிஎஃப் பலருக்குக் கை கொடுத்தது.

இதற்கிடையே 2007இல் கிண்டில் வந்தது. அதன் மின்தாளுக்குள் நுண்ணிய உறைகள் இருக்கும், அவற்றில் கறுப்பு, வெள்ளைத் துகள்கள். மின்புலத்தை மாற்றினால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். பின்னொளி கிடையாது. ஓலை மாதிரியே வெளிச்சம் மேலே பட்டுத் திரும்பி வருகிறது.

சரி, கண் ஏன் வலிக்கிறது?

நானும் முதலில் "பின்னொளி என்றாலே கெடுதல்" என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. திரையிலிருந்து வந்தாலும் தாளில் பட்டு வந்தாலும் ஒளி ஒளிதான். சிக்கல் வேறு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, கண் சிமிட்டல். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 தடவை அளவில் சிமிட்டுகிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடுகிறது. கண் காய்கிறது, எரிகிறது.

இரண்டு, தூரம். கைப்பேசியை முகத்துக்கு அருகில் வைத்தால் கண்ணின் குவியத் தசை ஓய்வில்லாமல் இறுகியே இருக்கிறது.

மூன்று, இருட்டறையில் ஒரே ஒரு பிரகாசமான சதுரம். நான் செய்த தப்பு இதுதான்.

நீல ஒளிக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். நல்லவேளை, காசு கொடுக்கவில்லை. 2023இல் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அந்தக் கண்ணாடி கண்சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை.

நான் இப்போது செய்வது

- அறை விளக்கைப் போட்டுக்கொண்டே படிக்கிறேன். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, திரையும் அதே வெளிச்சத்தில் இருக்கும்படி ஒளியைக் குறைக்கிறேன்.
- எழுத்தைப் பெரிதாக்கி, கைப்பேசியைத் தள்ளிப் பிடிக்கிறேன்.
- ஏ4 பிடிஎஃப் வேண்டாம், ஈபப் இருந்தால் அதுதான். எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரி தானே மடங்கிக்கொள்ளும்.
- 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடிக்கு அப்பால், 20 நொடி. எனக்கு ஜன்னலுக்கு வெளியே தென்னை இருக்கிறது, அது போதும்.
- வேண்டுமென்றே அடிக்கடி சிமிட்டுகிறேன்.

ஒரு வாரத்தில் எரிச்சல் போய்விட்டது. இதையெல்லாம் செய்தும் வலி தொடர்ந்தால் கண் மருத்துவரைப் பாருங்கள், பவர் மாறியிருக்கலாம். மற்றபடி திரையால் வரும் சோர்வு தற்காலிகமானது, பாட்டா பயந்த மாதிரி கண் போய்விடாது.

பாட்டா என்றதும் ஞாபகம் வருகிறது. அவருக்கு வெள்ளெழுத்து வந்து ரொம்ப வருடம் ஆயிற்று, புத்தகத்தைத் தொடுவதே இல்லை. போன ஞாயிறு கவிமணியின் 'மருமக்கள்வழி மான்மியம்' மின்னூலைத் திறந்து, எழுத்தை நன்றாகப் பெரிதாக்கி அவர் கையில் கொடுத்தேன். முதலில் "எனக்கு எதுக்குடே இது" என்றார். அப்புறம் முக்கால் மணி நேரம் கைப்பேசியைத் திருப்பித் தரவே இல்லை.

ஹாலே எழுத்துகளைக் காகிதத்துக்காகச் சுருக்கினார்களே, அந்தக் கட்டாயம் இந்தத் திரையில் இல்லை. எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று இப்போது படிக்கிறவரே முடிவு செய்யலாம். பக்கத்தில் நூல் கிடைக்காத என் போன்றவர்களுக்கும், நூல் கிடைத்தும் கண் தெரியாத பாட்டாவுக்கும் இது சின்ன விஷயம் இல்லை.

முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, "பாட்டா, 20 நிமிசத்துக்கு ஒருக்க தென்னைய பாருங்க" என்று நான்தான் அவரைத் திட்ட வேண்டியதாயிற்று :-)