மிசுசாவாவில் மிஞ்சியது

வானத்தில் ஒரு குவேசார் இருக்கும் திசை தெரியும். தரையில் ஒரு தொலைநோக்கி நிற்கும் இடமும் தெரியும். முன்னதை வான்சட்டகத்திலும் பின்னதைப் புவிச்சட்டகத்திலும் எழுதி வைத்திருக்கிறோம். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக மூன்று அணிகளைப் பெருக்க வேண்டும். பூமியின் அச்சு விண்மீன்களிடையே திசை மாறுவதற்கு ஒன்று, பூமி சுழல்வதற்கு ஒன்று, அந்த அச்சு பூமியின் உடலுக்குள்ளேயே இடம் பெயர்வதற்கு ஒன்று. பாடநூலில் இது அரைப்பக்கம்.

முதல் அணி மூத்தது. சித்திரை விண்மீனின் பழைய அளவீட்டைத் தன் அளவீட்டோடு ஒப்பிட்டு, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஹிப்பார்க்கஸ் கண்டது அயனச் சலனம்: இன்றைய அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 விகலை. நம் பஞ்சாங்கக்காரர்கள் அயனாம்சம் என்று கழிப்பது இதன் சேமிப்பைத்தான். அதன்மேல் 18.6 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவரும் சிறு தலையசைவு ஒன்று உண்டு. அதை 1748-இல் அறிவித்தவர் பிராட்லி. இன்றைய தலையசைவுச் சூத்திரத்தில் 1,365 உறுப்புகள். கணினிக்கு அது ஒரு பொருட்டல்ல.

இரண்டாம் அணிதான் ஆளை ஏமாற்றும். 2000 ஜனவரி 1 நண்பகல் முதல் கழிந்த நாட்களை 1.00273781191135448-ஆல் பெருக்கி, 0.7790572732640-ஐக் கூட்டி, முழு எண்ணை விட்டுவிட்டு மிச்சத்தை 360-ஆல் பெருக்கினால் பூமி திரும்பியிருக்கும் கோணம் பாகையில் வந்துவிடும். பள்ளி மாணவரே போடலாம். ஆனால் அந்த ‘நாட்கள்’ அணுக்கடிகாரம் காட்டும் நாட்கள் அல்ல, பூமியே காட்டும் நாட்கள். இளமையில் நான் கைக்கடிகார நேரத்தையே அதில் போட்டு, விடையை மூன்று நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அன்றைய வித்தியாசம் 0.4 விநாடிதான். பூமத்திய ரேகையில் தரை விநாடிக்கு 465 மீட்டர் ஓடுகிறது. நான் கணக்கிட்ட செயற்கைக்கோளின் தரைத்தடம் அங்கே 186 மீட்டர் தள்ளிப் போனது. காற்றும் கடலும் உட்கருவும் பூமியின் வேகத்தைப் பிடித்து இழுப்பதால், இந்த வித்தியாசத்தை நெடுநாளைக்கு முன்கூட்டிச் சொல்லும் சூத்திரம் கிடையாது. அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். அளந்ததைப் பன்னாட்டுப் புவிச்சுழற்சிச் சேவை தொடர்ந்து வெளியிடுகிறது.

மூன்றாம் அணியில்தான் எனக்குப் பிடித்த கதை இருக்கிறது. துருவம் சுமார் பத்து மாதத்தில் ஒரு வட்டம் போட வேண்டும் என்று ஆய்லர் கணக்கிட்டிருந்தார். 1891-இல் சாண்ட்லர் கண்டதோ ஏறக்குறைய பதினான்கு மாதம். ஆய்லர் எண்ணியதுபோல் பூமி கெட்டிக் கல் அல்ல. துருவத்தைப் பின்தொடர 1899-இல் பன்னாட்டு அட்சரேகைச் சேவை தொடங்கியது. ஆறு நிலையங்கள், எல்லாம் வட அட்சரேகை 39 பாகை 8 கலையில்: ஜப்பானில் மிசுசாவா, இத்தாலியில் கார்லோஃபோர்ட்டே, அமெரிக்காவில் மூன்று, ருஷ்யப் பேரரசில் ஒன்று. ஒரே அட்சரேகை ஏன்? அப்போதுதான் எல்லோரும் அதே விண்மீன் இணைகளைப் பார்க்கலாம். உச்சிக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. விண்மீன் பட்டியலில் தப்பு இருந்தால் ஆறு இடத்திலும் அதே தப்பு விழும். ஒப்பிட்டுக் கழித்தால் போய்விடும்.

முதல் முடிவுகள் வந்தபோது மிசுசாவா அளவுகள் மற்றவற்றோடு ஒட்டவில்லை. ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் இருந்த தலைமை அலுவலகம் ஜப்பானியரின் கருவியையும் கையையும் ஐயுற்றது. நிலையத் தலைவர் கிமுரா ஹிசாஷி கருவியைச் சோதித்தார், குறையில்லை. பிறகு எல்லா நிலையங்களின் மிச்சங்களையும் ஒன்றாகப் பரப்பிப் பார்த்தார். துருவம் மிசுசாவா பக்கம் நகர்ந்தால் அங்கே அட்சரேகை கூடும், எதிர்ப்புறத்து ஊரில் குறையும். ஆனால் மிச்சங்களில் ஒரு பகுதி ஆறு ஊரிலும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கியது, ஆண்டுக்கொரு முறை. துருவம் எங்கே நகர்ந்தாலும் அப்படி நடக்காது. துருவத்தின் இடத்தைக் குறிக்கும் எக்ஸ், ஒய் என்ற இரண்டு உறுப்புகளோடு தீர்க்கரேகையைச் சாராத மூன்றாவது உறுப்பு ஒன்றை, ‘இசட்’ என்று, 1902-இல் அவர் சேர்த்தார். சேர்த்ததும் மிசுசாவாவின் அளவுகள் மற்றவற்றோடு நன்றாகவே பொருந்தின.

இசட் எங்கிருந்து வருகிறது என்பது கிமுராவுக்குத் தெரியவில்லை. 1943-இல் அவர் மறையும் வரையிலும் யாருக்கும் தெரியவில்லை. அதே மிசுசாவாவில் 1970-இல் வாகோ யசுஜிரோ விடை கண்டார். தலையசைவுச் சூத்திரத்தின் அரையாண்டு உறுப்பைப் பூமி முழுக்கக் கெட்டி என்று வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். உள்ளே திரவக் கரு இருப்பதால் உண்மை அளவு சற்று வேறு. விண்மீன்களை இரவில் மட்டுமே பார்க்க முடியும் என்பதால் அந்த அரையாண்டுப் பிழை ஓராண்டு வேடம் போட்டு வந்திருக்கிறது. ஆக இசட்டின் இடம் மூன்றாம் அணியே அல்ல, முதல் அணி! மூன்று அணிகளையும் தனித்தனிப் பெட்டிகளாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒன்றின் குறை மற்றொன்றின் கணக்கில் வந்து குந்திக்கொள்ளும்.

இப்போதைய வான்சட்டகத்தைத் தாங்கி நிற்பவை 303 குவேசார்கள். கண்டம் விட்டுக் கண்டம் நிற்கும் ரேடியோ தொலைநோக்கிகள் அவற்றை ஒருசேரக் கேட்டு, 1,365 உறுப்புகளுக்குப் பிறகும் மிஞ்சுவதை அளக்கின்றன. அந்த மிச்சத்தில் திரவக் கருவின் தன்னிச்சையான ஆட்டமும் இருக்கிறது. அதற்கும் முன்கணிப்பு இல்லை. இரண்டு திருத்தங்களாகப் புவிச்சுழற்சிச் சேவையின் பட்டியலில் வருகிறது.

மிசுசாவா இன்று ஓஷூ நகரின் ஒரு பகுதி. அந்நகரின் கலையரங்குக்கு ‘இசட் ஹால்’ என்று பெயர்.