ஞாயிற்றுக்கிழமை ஆணழகர்கள்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் ரயில் ஆவடியைக் கடந்தபின் இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர் என்று நின்று நின்று செல்லும். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய தடம் இது. இத்தகைய ஊர்களின் வார இறுதியை அறிய விரும்புகிறவர் சுவரொட்டிகளைப் படித்தால் போதும். காதணி விழா, கூழ் வார்த்தல், கிரிக்கெட் கோப்பை, கண்ணீர் அஞ்சலி ஆகியவற்றுக்கு நடுவே, எண்ணெய் மின்னும் புயங்களோடு ஓர் இளைஞர் நிற்பார். மேலே ‘மாபெரும் ஆணழகன் போட்டி’ என்றிருக்கும். நாள், பெரும்பாலும் ஞாயிறு.

இதை மேல்நாட்டு இறக்குமதி என்று ஒதுக்குவோரும் உண்டு. நம் மல்லர் மரபின் நேர்வாரிசு என்று மார்தட்டுவோரும் உண்டு. வரலாறு இருசாராரையும் சற்றே சங்கடப்படுத்துகிறது.

கர்லாக்கட்டையை எடுத்துக்கொள்வோம். தண்டால், பஸ்கியோடு கர்லா சுற்றுவதும் நம் பயிற்சிக்கூடங்களின் அன்றாடம். இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேயப் படையினர் அதைக் கண்டு தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். 1834-இல் டொனால்ட் வாக்கர் எழுதிய ஆங்கில உடற்பயிற்சி நூலில் அது இடம்பெற்றது. பிறகு அமெரிக்கா சென்றது. 1904 செயின்ட் லூயிஸ், 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குகளில் கர்லா சுற்றுதல் ஜிம்னாஸ்டிக்ஸின் ஒரு பிரிவாகவே இருந்தது. நாம் அனுப்பியது ஐரோப்பிய உடற்பயிற்சியில் கலந்து, வேறு உருவில் நம்மிடமே திரும்பி வந்தது.

அப்படித் திரும்பி வந்ததன் முகம் யூஜின் சாண்டோ. உடலின் வலிமையைக் காட்டிப் பிழைத்த வித்தைக்காரர்களுக்கிடையே உடலின் வடிவத்தையே காட்சியாக்கியவர் அவர். 1901 செப்டம்பர் 14 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர் நடத்திய போட்டியே இன்றைய ஆணழகன் போட்டிகளின் தொடக்கம் எனலாம். நடுவர்களுள் ஒருவர், ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில்! வென்றவர் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் மர்ரி. சில ஆண்டுகளில் சாண்டோ இந்தியாவுக்கே வந்து மேடையேறினார்.

அவர் சென்றபின்பும் பெயர் இங்கேயே தங்கிவிட்டது. கோவையில் பஞ்சாலைத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கி, நண்பர்களோடு ‘வீரமாருதி தேகப்பயிற்சி சாலை’யை நடத்தி, பின்னாளில் திரைப்படத் தயாரிப்பாளரான சின்னப்பா தேவரைத் தமிழகம் ‘சாண்டோ’ சின்னப்பா தேவர் என்றே அறியும். ஜெர்மனியில் பிறந்தவரின் பெயரும் மாருதியின் பெயரும் ஒரே மனிதரிடத்தில் பிணக்கின்றிப் பொருந்தியிருந்தன. பெங்களூரில் கே.வி.ஐயர் தம் பயிற்சிக்கூடத்துக்கு ‘ஹெர்குலிஸ்’ என்று பெயரிட்டு, அதே கையால் சூரிய நமஸ்காரத்தைப் பற்றியும் நூல் எழுதினார். சென்னையில் ஹாரி குரோ பக் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, உடற்பயிற்சியைப் பாடமாகவும் ஆசிரியத் தொழிலாகவும் நிலைநிறுத்தியது.

விடுதலைக்குப்பின் இந்த ஆர்வத்துக்கு உலக அங்கீகாரமும் கிட்டியது. மனதோஷ் ராய் 1951-இலும், மனோகர் ஆயிச் 1952-இலும் லண்டனில் தத்தம் பிரிவில் ‘மிஸ்டர் யுனிவர்ஸ்’ பட்டம் வென்றனர். ஐந்தடிக்கும் குறைவான உயரம் கொண்ட ஆயிச்சை ‘பாக்கெட் ஹெர்குலிஸ்’ என்றார்கள். நூறாண்டைக் கடந்து வாழ்ந்த அவர் 2016-இல் மறைந்தார். ‘மிஸ்டர்’ என்ற வெறும் விளிச்சொல்லைத் தமிழ் அப்படியே ஏற்றுத் திருப்தியடையவில்லை என்பதையும் இங்கே கவனிக்கலாம். ‘ஆணழகன்’ என்று அது அழகைக் கொண்டுவந்து சேர்த்தது. முருகனுக்குரிய சொல்லை முடிதிருத்துபவருக்கும், வெல்டருக்கும், ஆட்டோ ஓட்டுநருக்கும் வழங்கியது.

ஆயினும் தனிமனிதர்களின் ஆர்வம் மட்டுமே ஓர் ஊரில் போட்டியை உருவாக்கிவிடாது. அதற்குப் பார்வையாளர் வேண்டும். அவர்களுக்கு ஓய்வுநாள் வேண்டும். இந்தியத் தொழிலாளிக்கு ஞாயிறு இயல்பாக வாய்த்ததன்று. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டே போன்றோர் போராடிய பிறகே, 1891-ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம் வார விடுமுறையை ஏற்றது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணிநேர வேலை, ஒருநாள் விடுமுறை என்று வரையறுத்தது.

சென்னையின் மேற்குப் புறநகர் அந்த ஞாயிற்றுக்கிழமையின் மீது எழுந்தது. 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் மிதிவண்டி செய்தது. அதன் புகழ்பெற்ற வண்டியின் பெயரும் ஹெர்குலிஸ்தான். 1955-இல் பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை வந்தது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தோன்றியது. 1965-இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை முதல் ‘விஜயந்தா’ பீரங்கி வண்டியை வெளிக்கொணர்ந்தது. இரும்போடு ஆறுநாள் உழைத்தவர்களின் வீட்டுப் பிள்ளைகள் ஏழாம் நாளும் இரும்பையே தேடிச் சென்றார்கள் என்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் ஆலையின் இரும்பு முதலாளிக்கோ அரசுக்கோ உரியது. பயிற்சிக்கூடத்தின் இரும்பால் விளைவது அவரவர் உடல். பிறருக்காகத் தேய்ந்த உடலைத் தனக்கெனக் கட்டியெழுப்பும் உரிமையை அந்த ஒருநாள் வழங்கியது.

மேடையின் விதிகள் எளியவை. காலையில் எடை பார்த்துப் பிரிவு ஒதுக்குவார்கள். கைப்புயம், முதுகு விரிவு, பக்கவாட்டு மார்பு, வயிறும் தொடையும் எனக் குறிப்பிட்ட நிலைகளில் எல்லோரும் ஒருசேர நிற்கவேண்டும். பின்பு அவரவருக்குச் சுமார் ஒரு நிமிடம், விருப்பமான பாடலோடு. ஒவ்வொரு பிரிவிலும் வென்றவர்கள் இறுதியில் மோதுவர். அந்த ஒரு நிமிடத்துக்காக எத்தனை மாதங்கள் உப்பும் இனிப்பும் துறந்து, முட்டையின் வெள்ளைக்கரு தின்று கழிந்திருக்கும்! பக்கத்துத் திருநின்றவூரில் கையில் பொருளின்றி மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலாரைப் பெரியபுராணம் போற்றுகிறது. இந்த இளைஞர்களும் பொருளற்றவர்கள்தாம். கட்டுவதற்கு அவர்களிடம் இருப்பது உடல் ஒன்றே.

அந்த உடல்தான் இன்று ஆபத்திலும் இருக்கிறது. தசை பெருக்கும் ஊக்கமருந்துகள் இதயத்தையும் கல்லீரலையும் தாக்கக்கூடியவை. தசைக்கோடுகள் தெளிவாகத் தெரியவேண்டும் என்று நீரைக் குறைப்பதும், சிறுநீர் பெருக்கிகளை உட்கொள்வதும் சிறுநீரகத்தையும் இதயத் துடிப்பையும் குலைக்கக்கூடியவை. பெரும்போட்டிகளில் ஊக்கமருந்துச் சோதனைக்கு வழியுண்டு. தெருமுனை மேடையில் கேடயம் உண்டு, பொன்னாடை உண்டு, மருத்துவர் இருப்பது அரிது.

பளுதூக்குதலோடு ஒப்பிட்டால் இன்னொரு வேறுபாடும் தெரியும். 1978 எட்மண்டன் காமன்வெல்த் போட்டியில் ஏகாம்பரம் கருணாகரன் தங்கமும் தமிழ்ச்செல்வன் வெள்ளியும் வென்றனர். வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். அங்கே தூக்கிய எடையே சாட்சி. வேலைக்கும் விருதுக்கும் தெளிவான பாதை உண்டு. ஆணழகன் கலைக்கு அப்படியில்லை. ஆசிய விளையாட்டில் 2002 பூசான், 2006 தோஹா ஆகிய இருமுறை மட்டும் இடம்பெற்றுப் பின் நீங்கியது. ஒலிம்பிக்கை அது எட்டவேயில்லை. பெரும்பாலோருக்கு ஊர்மேடையே தொடக்கமும் முடிவும்.

அதனாலேயே அந்த மேடையை ஏளனமாகக் கடந்துசெல்லக் கூடாது என்பேன். ஒப்பந்த வேலையும் சுழல்முறைப் பணியும் ஞாயிற்றுக்கிழமையை மெல்லக் கரைத்துவருகின்றன. போராடிப் பெற்ற ஓய்வுநாளை மனிதர்கள் எப்படிச் செலவழித்தார்கள் என்பதும் வரலாறுதான். விழாக் குழுவினர் ஒலிபெருக்கிக்கும் வெடிக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை ஒரு மருத்துவருக்கும், ஒரு வெளிப்படையான எச்சரிக்கைக்கும் ஒதுக்கினால் போதும். சுவரொட்டியில் நிற்கும் அந்த இளைஞர் ஐம்பது வயதிலும் நடுவராக அதே மேடையில் அமர்ந்திருப்பார்.