ஊருக்கு ஒரு பிளக், நாட்டுக்கு ஒரு வோல்ட்டேஜ்

வெளிநாடு கிளம்புகிறவர்கள் பாஸ்போர்ட், விசா, ஊறுகாய் பாட்டில் என்று எல்லாவற்றையும் பத்து தடவை சரிபார்ப்பார்கள். பிளக் ஞாபகம் வருவது அங்கே போய் இறங்கி, செல்போனில் சார்ஜ் தீர்ந்த பிறகுதான்! உலகில் இப்போது புழக்கத்தில் இருக்கும் பிளக் வகைகளுக்கு 'ஏ' முதல் 'ஓ' வரை 15 ஆங்கில எழுத்துகளைப் பெயராக வைத்திருக்கிறார்கள். எல்லா ஊரிலும் மின்சாரம் ஒன்றுதானே, பிறகு ஏன் இத்தனை வகை?

முதலில் வோல்ட்டேஜ் கதையைப் பார்ப்போம். 1882-ல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் மின் நிலையம் தொடங்கினார். அவர் கொடுத்தது சுமார் 110 வோல்ட். அவருடைய பல்புகளுக்கு அது போதும். பின்னால் டி.சி. போய் ஏ.சி. மின்சாரம் வந்தபோதும், அமெரிக்கா அந்த அளவை ஒட்டியே நின்றுவிட்டது. இன்று அங்கே 120 வோல்ட்.

ஜெர்மனியில் வேறு கணக்கு. பெர்லின் நகர மின் நிறுவனம் 1899-ல் 220 வோல்ட்டுக்கு மாற முடிவு செய்தது. வோல்ட்டேஜை இரட்டிப்பாக்கினால், அதே அளவு மின்சக்திக்குக் கம்பியில் ஓடும் கரண்ட் பாதியாகிறது. அதனால் தாமிரச் செலவு குறையும். வாடிக்கையாளர்களின் பழைய சாதனங்களை மாற்றித் தரும் செலவைக்கூட, கம்பியில் மிச்சமான பணத்தில் ஈடுகட்டினார்கள். வணிகவியல் படிக்கும் எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்தது. ஐரோப்பாவின் மற்ற பகுதிகளும் பிறகு அந்தப் பக்கமே சாய்ந்தன.

இனி பிளக். ஆரம்ப காலத்தில் வீட்டுக்கு மின்சாரம் வந்ததே விளக்குக்காகத்தான். அயர்ன் பாக்ஸ், ஃபேன் என்று எது வாங்கினாலும் பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரில்தான் மாட்டினார்கள். அமெரிக்காவில் ஹார்வி ஹப்பெல் என்பவர், எளிதாகச் சொருகி எடுக்கும் பிளக்குக்கு 1904-ல் காப்புரிமை பெற்றார். மற்ற நாடுகளில் அங்கங்கே இருந்த உற்பத்தியாளர்கள் தங்களுக்குத் தோன்றிய வடிவில் செய்தார்கள். அன்று மின்சாதனத்தைத் தூக்கிக்கொண்டு யார் நாடு விட்டு நாடு போனார்கள்? அதனால் யாரும் கவலைப்படவில்லை.

இதில் நமக்கு நெருக்கமான கதை பிரிட்டனுடையது. நம் வீட்டுச் சுவரில் இருக்கும் மூன்று உருண்டை ஓட்டை பிளக் பாயிண்ட், 1934-ல் வந்த பி.எஸ். 546 என்ற பிரிட்டிஷ் தரத்தின் வாரிசு. சின்னது 5 ஆம்பியர், பெரியது 15 ஆம்பியர் (இன்றைய இந்தியத் தரத்தில் 6, 16). இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, போருக்குப் பின் கட்டப்போகும் வீடுகளுக்கு எப்படி வயரிங் செய்வது என்று பிரிட்டனில் ஒரு குழு ஆராய்ந்தது. கரோலின் ஹாஸ்லெட் என்ற பெண் பொறியாளர் அதில் இருந்தார். 1944-ல் அறிக்கை வந்தது. தாமிரத்துக்குத் தட்டுப்பாடு இருந்ததால், ஒரே கம்பி வளையமாக வீட்டைச் சுற்றி வரும் 'ரிங்' முறையை எடுத்துக்கொண்டார்கள். ஒரே வளையத்தில் பல சாதனங்கள் தொங்குவதால் ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் தனித்தனி ஃபியூஸ் வைத்தார்கள். குழந்தைகள் விரலையோ கம்பியையோ விடாமல் இருக்க ஓட்டைகளுக்கு மூடி போட்டார்கள். நீளமான எர்த் முனை முதலில் உள்ளே போய்த் தள்ளினால்தான் மற்ற இரண்டும் திறக்கும். இப்படிப் பிறந்ததுதான் சதுர முனை கொண்ட 13 ஆம்பியர் பிளக், பி.எஸ். 1363.

அது வெளிவந்த வருடம் 1947! வெள்ளைக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். போன வருடமே தங்கள் ஊரில் பிளக்கை மாற்றினார்கள். நாம் அவர்களுடைய பழைய பிளக்கையே வைத்துக்கொண்டோம். பிறகு அங்கே வீடுகளில் உருண்டை பிளக் அரிதாகி, நாடக மேடை விளக்குகளில் மட்டும் தங்கிவிட்டது. சிங்கப்பூர், மலேசியா, துபாய் எல்லாம் சதுர முனைக்குப் போய்விட்டன. இலங்கையும் அதையே தன் தரமாகத் தேர்ந்துகொண்டது. சென்னையிலிருந்து லண்டனுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவருக்கு அடாப்டர் தேவைப்படுவது இதனால்தான்.

ஒரே நாட்டுக்குள்ளேயே இந்தக் குழப்பம் உண்டு. ஜப்பானில் டோக்கியோ 1895-ல் ஜெர்மனியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டர் வாங்கியது. ஒசாகா மறு வருடம் அமெரிக்காவிலிருந்து 60 ஹெர்ட்ஸ் வாங்கியது. இன்றுவரை கிழக்கு ஜப்பான் 50, மேற்கு ஜப்பான் 60. 2011 மார்ச் நிலநடுக்கத்தில் கிழக்கே மின் நிலையங்கள் முடங்கியபோது, மேற்கிலிருந்து மாற்றி அனுப்ப முடிந்தது சுமார் 10 லட்சம் கிலோவாட் மட்டுமே. டோக்கியோ வட்டாரத்தில் முறை வைத்து மின்வெட்டு செய்தார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய இரண்டு கொள்முதல் முடிவுகளுக்கு இவ்வளவு விலை!

ஒரே பிளக் கொண்டுவர முயற்சி நடக்காமல் இல்லை. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1986-ல் உலகத்துக்கே பொதுவான ஒரு வடிவத்தை வெளியிட்டது. அதை ஒட்டிய பிளக்கை பிரேசில் எடுத்துக்கொண்டது, தென்னாப்பிரிக்காவும் எடுத்துக்கொண்டது. மற்றவர்கள் அசையவில்லை. கோடிக்கணக்கான சுவர்களை யார் காசில் இடிப்பது? மாறுவதால் வரும் லாபம் எல்லோருக்கும், செலவு மட்டும் மாறுகிறவருக்கு என்றால் எதுவும் நகராது.

ஆகவே பயணம் போகிறவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். அடாப்டர் முனையின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டேஜை மாற்றாது. லேப்டாப், செல்போன் சார்ஜரில் '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று பொடி எழுத்தில் இருந்தால் அடாப்டர் மட்டும் போதும். நம்மூர் 1000 வாட் அயர்ன் பாக்ஸை அமெரிக்காவில் மாட்டினால் சுமார் 270 வாட்தான் கிடைக்கும், சட்டை சூடேறுவதற்குள் விமானம் போய்விடும்! அங்கே வாங்கிய 120 வோல்ட் ஹேர் டிரையரை இங்கே மாட்டினால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு சக்தி பாய்ந்து கருகிவிடும். அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு மிக்ஸி அனுப்புகிறவர்கள் 110 வோல்ட் மாடல் என்று கேட்டே வாங்குங்கள்.

இன்னொன்று. இரண்டு முனை பிளக்கை நுழைப்பதற்காக எர்த் ஓட்டையில் பேனாவை விட்டு மூடியைத் திறக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்த மூடி குழந்தைகளின் உயிரைக் காப்பதற்காக வைத்தது. அடாப்டர் நூறு ரூபாய்க்குக் கூடக் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள்.